ஜன்னலோரக் கட்டிலின் மணி

“அம்மணி, பேய் பிசாசுல உங்களுக்கு நம்பிக்கை இருக்குங்களா?”

தணிகாசலம் இதைக் கேட்டது கோகிலவாணியிடம். தணிகாசலம் ஓய்வு பெறப் போகிறவர். ஆஸ்பத்திரியின் யூனிக்ஸ் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. கோகிலவாணிக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் எவ்வளவு முட்டினாலும் தீராத சிக்கல் என்றால், ஊர்க் கம்ப்யூட்டர்காரர்கள் அவள் முன்னால்தான் வந்து நிற்பார்கள்.

“பாத்தா சொல்றேனுங்ணா. என்னாச்சு?”

“செத்தவரு மணி அடிச்சிருக்காருங்க.”

அவள் சிரிக்கவில்லை. அதுவே அவருக்குப் பாதி ஆறுதல்.

நோயாளி கட்டிலருகே மணியை அழுத்தினால் ஒரு கம்ப்யூட்டர் நேரத்தைக் குறித்துக்கொள்ளும். நர்ஸ் பதிவதை இன்னொன்று குறித்துக்கொள்ளும். போன வாரம் ஒரு காலையில், ஜன்னலோரக் கட்டில் பெரியவருக்கு மூச்சு நின்றுவிட்டதாக நர்ஸ் எஸ்தர் பதிந்திருக்கிறாள். சில நிமிடங்கள் கழித்து, அதே கட்டிலிலிருந்து மணி அடித்திருக்கிறது.

“உசுரோட இருந்தவர நர்ஸ் அப்படியே உட்டுட்டுப் போயிருச்சுன்னு சொந்தக்காரங்க சண்டைக்கு நிக்கறாங்க. நாளைக்கு விசாரணை. மணி கேட்டுத்தான் ஓடுனேன், என் கையிலதான் மூச்சு நின்னுதுன்னு அந்தப் புள்ள அழுவுது. இப்ப அதுக்கே சந்தேகம் வந்துருச்சுங்க. சோத்துல கை வெச்சா மணி கேக்குதாம்.”

“ரெண்டு கம்ப்யூட்டரும் ஒரே நேரம் காட்டுதுங்களா?”

“சாயங்காலம் காட்டுது. காலைல நர்ஸ் எழுதறது மட்டும் பின்னாடி போயிருது. யாரோ புடிச்சு இழுத்த மாதிரி.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “பேட்டரி மாத்திட்டேன், ஒயர் மாத்திட்டேன். வெளிய சரியான நேரம் சொல்ற கம்ப்யூட்டர்கிட்ட கேட்டுக் கேட்டு, பாவம், அது தன்னால சரியாயிட்டுத்தான் வருது. மறுநாள் மறுபடி இழுக்குது.”

“காலைல வர்றேன். நான் வர்ற வரைக்கும் கையக் கட்டி உக்காந்திருங்க. எதையும் தொடாதீங்க.”

“ஊதுபத்தி கொளுத்தலாமுங்களா?”

“கொளுத்துங்க.”

மறுநாள் காலை தணிகாசலம் கம்ப்யூட்டர் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். குளிர் எலும்பைத் தொட்டது. ஊதுபத்திப் புகை நேராக மேலே போய், எதுவோ குறுக்கே வந்ததுபோல் திடீரென்று வளைந்தது.

அது வருகிற நேரம்தான் இது.

கைகளை இறுகக் கட்டிக்கொண்டு நர்ஸ் பதியும் கம்ப்யூட்டரின் திரையையே பார்த்தார். வினாடிகள் ஒழுங்காக நகர்ந்தன. ஒன்றும் வரவில்லை. யாரும் இழுக்கவில்லை.

எதற்கும் இருக்கட்டுமென்று வாட்சைப் பார்த்தார்.

அப்போது அவருடைய வலது கை, யாரும் சொல்லாமலே, கட்டியிருந்த பிடியை விட்டுக் கீபோர்டுக்குப் போனது. நேரத்தை மாற்றும் கட்டளையைப் பாதி அடித்துவிட்டது. அதன் பிறகுதான் அவர் அதைக் கவனித்தார்.

பின்னால் கோகிலவாணி நின்றிருந்தாள்.

“என்னங்ணா பண்றீங்க?”

“இது தப்பா காட்டுதுங்க. என் வாட்சைப் பாத்து சரி பண்றேன். தினமும் வந்ததும் பண்றதுதான்.”

“வாட்ச எதப் பாத்து வெப்பீங்க?”

“சாயங்காலம் கெளம்பறப்ப இந்தக் கம்ப்யூட்டரப் பாத்துத்தான். அப்ப வாட்சுதான் எப்பவும் சில நிமிசம் பின்னாடி இருக்கும்...”

கீபோர்டின் மேல் கிடந்த கையை யாருடையதோ போலப் பார்த்தார். பயமாக இருந்தது.

“பேயப் பாத்துட்டேனுங்ணா” என்றாள் அவள்.

மாடியில் விசாரணைக்கு எஸ்தரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

“அந்தப் புள்ள மூஞ்சில நான் எப்படி அம்மணி முழிக்கிறது?”

“அதுக்கு இன்னும் மணி கேட்டுட்டே இருக்குதுங்ணா. போய் நிறுத்துங்க.”