புகார் விட்டுக்கொடுத்த இடம்

ஒரு நகராட்சி அலுவலகத்தின் ஏசி அறையில் பெரிய சர்வர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி ஒன்றுதான், உள்ளே குடித்தனம் செய்யும் மென்பொருள்கள் இரண்டு. ஒன்று வரி, இன்னொன்று புகார். ஊரார் கட்டும் பணத்தை வரி வாங்கிக்கொள்ளும். குழாயில் தண்ணீர் வரவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்று அவர்கள் எழுதுவதைப் புகார் வாங்கி உரியவரிடம் சேர்க்கும். யாருக்கு எவ்வளவு நினைவகம், வேலையை ஓட்டும் பிராசசர் என்கிற செயலி எத்தனை என்று பங்கு பிரித்துக் கொடுப்பது மேற்பார்வை என்கிற இன்னொரு மென்பொருள்.

ஒருநாள் வரி குடியிருந்த நினைவகப் பலகை சூடேறித் தப்புத் தப்பாக வேலை செய்தது. மாற்றியாக வேண்டும். ஓடுகிற பெட்டியில் பலகையைக் கழற்றுவதென்றால், அதில் இருப்பவர் முதலில் காலி செய்ய வேண்டும்.

"மார்ச் மாசம். கூட்டம் நெரியுது. இப்பப் போய் நான் எங்கே போறது?" என்று வரி சீறியது.

மேற்பார்வை புகாரிடம் வந்தது. "தம்பி, நீதான் அனுசரிச்சுப் போகணும். உன் பலகையில முக்கால்வாசியை வரிக்கு விட்டுக்கொடு. செயலியும் ஒண்ணு போதும் உனக்கு. வேலை முடிஞ்சதும் எல்லாம் திரும்பி வந்துடும்."

"நிச்சயமா வந்துடுமாண்ணே?"

"என் மேல நம்பிக்கை இல்லையா?"

புகார் கையிலிருந்த வேலைகளை அவசரமாக முடித்தது. முடியாதவற்றை மூட்டை கட்டி ஓரமாக ஒதுக்கியது. செயலிகளை ஒவ்வொன்றாக விடுவித்தது. பிறகு ஒரு மூலையில் ஒடுங்கிக்கொண்டது. ஊர் வேலைக்குத்தானே என்று மனசுக்குள் சின்னப் பெருமைகூட.

பொறியாளர் பூங்குழலி வந்தார். பழைய பலகையை உருவிப் புதியதைச் செருகினார். பெட்டி ஒரு நொடிகூட நிற்கவில்லை. "அப்பாடா" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

வரி புதிய பலகையில் காலை நீட்டிக்கொண்டது. புகாரின் இடத்தையும் விடவில்லை.

"அண்ணே, என் இடம்..." என்று புகார் மேற்பார்வையிடம் போய் நின்றது.

"மார்ச் போகட்டும் தம்பி."

மார்ச் போயிற்று. மறுபடி கேட்டபோது, "மேலேயிருந்து உத்தரவு வரணும்" என்றது மேற்பார்வை.

மரியபுஷ்பம் என்கிற பெண் வீட்டுக்குள் சாக்கடைத் தண்ணீர் புகுந்துவிட்டதென்று எழுதினாள். மூச்சு வாங்கியபடி புகார் அதைத் தூக்கப் பார்த்தது. முடியவில்லை. அவள் கைபேசியில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தாள். "இதுல எழுதி என்ன கிழியப் போகுது" என்று கைபேசியை வீசிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டாள். மற்றவர்களும் மெல்ல மெல்ல எழுதுவதை விட்டார்கள்.

மழைக்காலத்துக்கு முன் ஆணையர் வந்து கணக்குப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பரவாயில்லையே! புகாரே வர்றதில்லை. ஊர் அவ்வளவு நல்லா இருக்கு. பிறகு இதுக்கு எதுக்கு இந்த இடம்? மிச்சத்தையும் வரிக்கே கொடுத்துடுங்க."

புகார் ஏதோ சொல்ல வாயெடுத்தது. அதைச் சொல்லும் அளவுக்குக்கூட அதனிடம் இடம் இல்லை.