நிற்காதவளுக்கு மரமில்லை

அந்தக் காலத்தில், பறவைகள் வாய்விட்டுப் பேசி வழக்காடிக்கொண்டிருந்தபோது, மழைக்கு முன்னால் எல்லாம் ஒன்றுகூடி மரம் பங்கிட்டுக்கொள்ளும். தலைவர் மயிலார். வேண்டிய மரத்தின் கிளையில் ஏறி நின்று, "இது என் மரம்" என்று சொல்ல வேண்டும், நின்றவருக்கு மரம். இந்த வழக்கத்தை யார் வகுத்தது? நிற்கத் தெரிந்தவர்கள்தான், வேறு யார்!

உழவாரக் குருவிக்கு வயிற்றில் முட்டை. இன்றோ நாளையோ இட்டாக வேண்டும். அவளுடைய விரல்கள் கொக்கிபோல வளைந்தவை. தொற்றிக்கொள்ள உதவும், நிற்க உதவாது. புளியங்கிளையில் இறங்கியவள் சறுக்கித் தரையில் விழுந்தாள். சபை கொல்லென்று சிரித்தது.

"நொண்டிக்கு எதுக்கு மரம்?" என்றது காகம்.

"நேத்து ஈசல் பிடிக்கையில என் பின்னால மூச்சு வாங்கிட்டு வந்தீங்களே காக்கா மாமா, அப்போ யாரு நொண்டி?" என்றாள் குருவி. "மயிலாரே, ஒரு நாள் சபையை வானத்துல கூட்டுங்க. எத்தனை பேரு வந்து சேருறீங்கன்னு பாப்போம்!"

மயிலார் தோகையை உதறினார். "சபை தரையிலதான் கூடும். உன்னைப் பாத்தா இரக்கமாத்தான் இருக்கு. நிக்கப் பழகிட்டு அடுத்த வருசம் வாம்மா."

இரக்கமாம்! வயிற்றில் இருப்பது அடுத்த வருடம்வரை காத்திருக்குமா?

"பனையையாவது குடுங்க. அதை யாரும் கேக்கலையே."

"அதுக்குக் கிளை ஏது, நீ நிக்க? கிளை இல்லாதது மரமே இல்லை, புல்லு. புல்லைப் பங்குபோட சபைக்கு அதிகாரம் இல்லை."

"அப்போ உங்களைக் கேக்கவும் வேண்டாம்" என்றாள் குருவி.

தரையில் விழுந்தால் எழும்பிப் பறக்க அவளால் ஆகாது. நெஞ்சு தரையில் தேய, இழுத்து இழுத்துப் பனையடிக்குப் போனாள். ஒருவராவது விலகி வழிவிட வேண்டுமே! பனையின் சொரசொரத்த உடம்பில் கொக்கி விரல்கள் பிடித்துக்கொண்டன. விறுவிறுவென்று ஏறி, தொங்கிய காவோலையின் அடியில் தொற்றிக்கொண்டாள். இறகுகளை எச்சிலால் ஓலையில் ஒட்டினாள். முட்டையிட்டு, அதையும் அவற்றின்மேல் ஒட்டினாள். காற்று ஓலையைப் புரட்டி அடித்தது, முட்டை அசையவில்லை. தின்ன வந்த காகம் அந்த ஓலையில் கால் வைக்க இடமில்லாமல் சிறகடித்துத் தவித்துத் திரும்பியது.

அன்று முதல்தான் உழவாரக் குருவி பனையோலையில் முட்டையை ஒட்டிவைத்து வாழ்கிறது, மண்ணில் இறங்குவதே இல்லை. இறங்க முடியாத பறவை என்று சொல்கிறார்கள். அந்தச் சபையின் முகத்தில் விழிக்க அவளுக்கு மனமில்லை என்றுதான் நான் சொல்வேன்.