புழுவாய் வந்த பெரியராசா

ஒரு காலத்தில் ஆலம்பூ நாட்டை மலையராசன் என்றொரு ராசா ஆண்டு வந்தான். ஆண்டான் என்பதைவிடத் தூங்கினான் என்றால்தான் பொருந்தும்! கொலுவில் அரைக் கண் திறந்திருக்கும், மீதி கனவில் கிடக்கும். இரவில் கண்ட கனவுதான் விடிந்ததும் சட்டம். கனவுக்குப் பலன் சொல்ல தில்லைவிடங்கர் என்றொருவர் அரண்மனையில் இருந்தார்.

அந்த ஊரில் காத்தாயி என்றொருத்தி. கொல்லையில் ஒரே ஓர் அவரைப் பந்தல். அதில் காய்ப்பதுதான் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் சோறு. ஒருநாள் அவள் காய் அரண்மனை அடுப்புக்குப் போக, ராசா தின்றுவிட்டு, "அடடா, இதுவல்லவா காய்! விடங்கரே, உம் தோட்டத்துக் காய் நார் நாராக வருமே!" என்றுவிட்டான். விடங்கருக்கு வயிறு எரிந்தது.

சில நாளில் ராசாவுக்கு ஒரு கனவு. செத்துப்போன அவன் அப்பா, பெரியராசா, மூடுபனிக்குள் நிற்கிறார். பக்கத்து இலையில் ஒரு பச்சைப் புழு. அப்பாவைத் தொடப் போனால் பனிதான் கையில் ஈரமாக ஒட்டுகிறது. விழித்த பிறகும் ராசாவுக்கு அழுகை நிற்கவில்லை, பாவம்.

"அவர் புழுவாகப் பிறந்து வந்திருக்கிறார், மகாராசா," என்றார் விடங்கர், நமுட்டுச் சிரிப்பை விழுங்கிக்கொண்டு. "இனி புழுவைத் தொட்டவரை நாடு கடத்துங்கள்."

அவ்வளவுதான்! ஊர்க் கொல்லையெல்லாம் புழு. கத்தரி, புடலை, அவரை எல்லாம் சல்லடையாகப் போயின. பிள்ளைகளின் வயிற்றைப் பார்த்தாள் காத்தாயி, பொறுக்கவில்லை. விடியற்காலைப் பனியில் பந்தலுக்குள் நுழைந்து, இலையில் சாம்பல் தூவிப் புழுப் பொறுக்கினாள். ஒளிந்திருந்த விடங்கரின் ஆட்கள் கையும் களவுமாகப் பிடித்து இழுத்துப் போனார்கள்.

"என் அப்பாவையா பொறுக்கினாய்? பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டுப் போ!" என்றான் ராசா, கண் கலங்க.

"போறேன், ராசா. போகுமுன்னே பெரியராசாவுக்கு என் பந்தலடியிலே ஒரு பிடி சோறு வைக்கணும். நீங்களும் வாங்க."

அப்பாவுக்குச் சோறு என்றால் எந்தப் பிள்ளை மறுப்பான்? சபையே பின்னால் வந்தது. காத்தாயி இலையில் சோற்றை வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டாள். காக்கைகள் இறங்கின.

"இவங்க யாரு, விடங்கரய்யா?"

"நம் முன்னோர்தான்! இதுகூடத் தெரியாத அசடா நீ?"

சொல்லி வாய் மூடவில்லை. ஒரு காக்கை சோற்றை விட்டுப் பந்தலில் ஏறி, கொழுத்த பச்சைப் புழுவைக் கொத்தி விழுங்கியது. பின்னாலேயே இன்னொன்று ஏறியது.

"ஐயையோ!" என்று கன்னத்தில் கை வைத்தாள் காத்தாயி. "புழுவும் முன்னோர், காக்கையும் முன்னோர். அப்போ பெரியராசா தன்னைத்தானே தின்னுட்டாரா?"

சபை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. ராசா சிரிக்கவில்லை. "காக்கை பொய்யா, புழு பொய்யா? ஒன்றைச் சொல்லும், விடங்கரே!"

விடங்கர் தடாலென்று காலில் விழுந்தார். "பொறாமையில் உளறிவிட்டேன், மகாராசா!"

"அப்படியானால் அப்பா வரவே இல்லையா?" என்று ராசா குழந்தை மாதிரிக் கேட்டான்.

தன்னைத் துரத்தப் பார்த்தவன்தான். ஆனாலும் காத்தாயிக்கு மனசு இளகிவிட்டது. "கனவிலே வந்தாரே, ராசா. ஆசையா ஒரு பிடி வச்சுப் பாருங்க. சாப்பிட்டுட்டு நம்ம கொல்லையையும் காப்பாத்திட்டுப் போவாரு."

ராசா குனிந்து தன் கையாலேயே சோறு வைத்தான். சட்டம் அங்கேயே ஒழிந்தது. காத்தாயிக்குப் பந்தலைச் சுற்றியிருந்த நிலமெல்லாம் பரிசு. விடங்கருக்கோ, தினமும் விடியலில் ஊர்க் கொல்லைகளில் சோறு வைத்துக் காக்கை கூப்பிடுகிற வேலை.

மறுநாள் காத்தாயியின் பந்தலடியில் நின்று அவர் "கா! கா!" என்று அதட்டினார். ஒன்றுகூட வரவில்லை.

"அதிகாரம் பண்ணினா வருமா, ஐயா? உங்க அப்பாவைக் கூப்பிடுற மாதிரி கூப்பிடுங்க," என்றாள் காத்தாயி.

விடங்கர் குனிந்து இலையில் இன்னொரு பிடி சோறு வைத்தார். பிறகு மெல்ல, "கா..." என்றார்.

பனிக்குள்ளிருந்து ஒரு காக்கை இறங்கி வந்தது.