செவலைக்கோழியும் கூழ்முட்டையும்

ராக்கம்மா வீட்டுக் கொல்லையில் ஒரு செவலைக்கோழி இருந்தது. முட்டையிடுவதைவிட, முட்டையிட்ட சேதியை ஊருக்குச் சொல்வதில்தான் அதற்கு ஆசை அதிகம்.

ஆட்டுக் கொட்டகை மூலையில் ஒரு பழைய ஓலைக்கூடை கிடந்தது. செவலை அதற்குள் போய் உட்காரும். முட்டை விழுந்த மறுகணமே கூடை விளிம்பில் ஏறி நின்றுகொள்ளும். கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, "கொக் கொக் கொக் கொக்கோ!" என்று தொண்டை கிழியக் கத்தும். உலகத்திலேயே முதல் முட்டையை அதுதான் போட்டதுபோல் இருக்கும் அந்தக் கத்தல். பிறகு தோட்டத்தை ஒரு சுற்று சுற்றி, கிணற்றடியிலும் கத்திவிட்டு வரும்.

திரும்பி வந்து பார்த்தால் கூடையில் ஒரு முட்டை இருக்கும். 'மற்றதையெல்லாம் ராக்கம்மா நெல்லுப் பானையில் சேர்த்து வைத்திருக்கிறாள். அடைவைக்கும்போது மொத்தமாகத் தருவாள்' என்று செவலை நினைத்துக்கொள்ளும். பாவம், அதற்கும் ஒரு ஏக்கம் இருந்தது. போன கோடையில் பொரித்த குஞ்சுகளையெல்லாம் பருந்து தூக்கிப் போய்விட்டது. இந்தத் தடவையாவது குஞ்சுகளோடு கொல்லையில் நடக்க வேண்டும் என்று அது ஏங்கிக்கொண்டிருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கீரி குடியிருந்தது. அது அடிக்கடி வேலிச் சந்தில் மூக்கை நீட்டும்.

"செவலையம்மா, உங்க குரலு என்னா குரலு! இன்னைக்கு ஏன் சத்தம் கொஞ்சம் கம்மியா இருந்துச்சு?" என்று கேட்கும்.

"அப்படியா? நாளைக்குப் பாருங்க" என்று செவலை உச்சி குளிர்ந்து போகும்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது கருப்பி என்கிற வெள்ளாடு. வேலி தாண்டி அடுத்தவன் சோளத்தில் வாய் வைத்ததால், ராக்கம்மா அதன் கழுத்தில் ஒரு கட்டையைத் தொங்கவிட்டிருந்தாள். ஓடினால் கட்டை முழங்காலில் இடிக்கும். அதனால் மற்ற ஆடுகள் மேயப் போனாலும் கருப்பி கொல்லையிலேயே கிடக்கும். வேறு வேலை இல்லாததால் எல்லாம் அதன் கண்ணில் படும்.

ஒருநாள் ராக்கம்மா கூடையை எட்டிப் பார்த்துவிட்டுத் தன் கணவன் சோலையிடம் சொன்னாள்.

"இந்தச் செவல திங்குறதோட சரி. கத்துறது மட்டும் நாலு ஊருக்குக் கேக்குது. கூடையில பாத்தா நான் வச்ச கூழ்முட்டைதான் கெடக்கு. வர்ற வியாழக்கெழம சந்தைக்குக் கொண்டுபோயிருங்க."

"சரி, கொண்டுபோறேன்" என்றான் சோலை.

கருப்பிக்கு வாயில் இருந்த அகத்தி இலை இறங்கவில்லை. அப்போதுதான் முட்டையிட்டு, கிணற்றடியில் கத்திவிட்டு வந்துகொண்டிருந்த செவலையை, கட்டை இடிக்க இடிக்க ஓடிவந்து நிறுத்தியது.

"அடியே, உன்னைச் சந்தைக்கு அனுப்பப் போறாங்கடி. நீ முட்டையே போடலையாம்."

"என்னக்கா சொல்றீங்க? தினமும் போடுறேனே. கூடையிலகூட ஒண்ணு இருக்கே."

"அது பொங்கலுக்கு முன்னாடியிருந்தே கெடக்குற கூழ்முட்டை. கூடை வெறுமையா இருந்தா நீ வேற இடம் தேடிப் போயிருவேன்னு ராக்கம்மா விட்டு வச்சது. நீ போட்டதையெல்லாம் அந்தக் கீரி தூக்கிட்டுப் போயிருச்சு. நீ கத்துனாத்தானே அதுக்குச் சோத்து மணி அடிச்ச மாதிரி? நீ கிணத்தடிக்குப் போற, அது கூடைக்கு வருது."

"பொய்! அவரு என் குரலை எவ்வளவு மெச்சுறாரு தெரியுமா?"

"மெச்சாம என்ன செய்யும்? நானா இருந்தா மாலையே போட்டிருப்பேன். போ, போயி அந்த முட்டையைத் தொட்டுப் பாரு."

செவலை விறைப்பாகத்தான் கூடைக்குப் போனது. நெஞ்சை முட்டைமேல் வைத்துப் பார்த்தது. கல்லைப்போல் சில்லென்று இருந்தது. அப்போதுதான் போட்டுவிட்டுப் போன முட்டை இவ்வளவு சீக்கிரம் ஆறுமா? லேசாகப் புரட்டியது. உள்ளே ஏதோ களக் களக் என்று ஆடியது. செவலைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அத்தனை முட்டைகளும் போய்விட்டன. அது கூடைக்குள்ளேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதது.

"அழுதது போதும். நாளைக்கு முட்டை போட்டதும் வாயைத் தொறக்காத" என்றது கருப்பி.

மறுநாள் புதன்கிழமை. செவலை முட்டையிட்டது. வாயை இறுக மூடிக்கொண்டு கொட்டகை வாசல்வரை வந்தது. தொண்டை அரித்தது. அவ்வளவுதான், "கொக் கொக் கொக்கோ" என்று வெடித்துவிட்டது. கீரி வந்தது, எடுத்தது, போனது.

"என்னால முடியலக்கா. அது தானா வருது" என்றது செவலை.

கருப்பி வாயை அசைபோட்டபடி யோசித்தது. "வர்றதை ஏன் அடக்கணும்? கத்து. ஆனா கத்துற இடத்தை மாத்து. வைக்கோல்போர்கிட்டப் போயிக் கத்து. அதுவரைக்கும் வாயில ஒரு புளியங்கொட்டையை வச்சுக்க."

"அங்க முட்டை இல்லன்னா கீரி இங்க வந்துருமே?"

"அங்கேயும் ஒரு முட்டை இருக்கும்" என்று கருப்பி கண்ணைச் சிமிட்டியது.

அன்று சாயங்காலம், ராக்கம்மா தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரத்தில் இரண்டும் வேலையை ஆரம்பித்தன. செவலை அலகால் உருட்ட, கருப்பி மூக்கால் தள்ள, கூழ்முட்டை மெல்ல மெல்ல வைக்கோல்போர் அடிக்குப் போய்ச் சேர்ந்தது. நடுவில் ஒரு கல்லில் மோதப் போனபோது இரண்டுக்கும் உயிரே நின்றுவிட்டது.

வியாழக்கிழமை விடிந்தது. சோலை கையில் கயிற்றோடு வந்தான். ராக்கம்மா தானியத்தை இறைத்து, "பா... பா... பா..." என்று கூப்பிட்டாள். செவலை கூடைக்குள் ஒடுங்கிக் கிடந்தது. பயத்தில் முட்டைகூட வர மறுத்தது.

"அவசரப்படாத. நான் பாத்துக்குறேன்" என்ற கருப்பி, கொட்டகை வாசலில் குறுக்கே நின்றுகொண்டது. சோலை இடப்பக்கம் போனால் அதுவும் இடப்பக்கம் வந்தது. வலப்பக்கம் போனால் வலப்பக்கம் வந்தது.

"இந்த ஆட்டுக்கு இன்னைக்கு என்ன வந்துச்சு?" என்று சோலை சலித்துக்கொண்டான்.

அதற்குள் முட்டை விழுந்தது. செவலை புளியங்கொட்டையைக் கவ்விக்கொண்டது. ஆட்டின் கால்களுக்கு இடையில் புகுந்து ஓட்டம் பிடித்தது. தொண்டை அரித்தது, விடவில்லை. கண்ணில் நீர் வந்தது, விடவில்லை. வைக்கோல்போரை எட்டியதும் கொட்டையைத் துப்பிவிட்டு, ஆயுளுக்கும் சேர்த்துக் கத்தியது.

கயிற்றோடு சோலையும், பின்னால் ராக்கம்மாவும் ஓடிவந்தார்கள். அவர்களுக்கு முன்னால் வேலிச் சந்திலிருந்து கீரி பாய்ந்து வந்தது. அவசரத்தில் மோந்துகூடப் பார்க்காமல் முட்டையை ஒரே கடியாகக் கடித்தது. 'டப்' என்று ஒரு சத்தம். மூக்கு, வாய், மீசை எல்லாம் நாற்றம்! கீரி தும்மிக்கொண்டும் துப்பிக்கொண்டும் சோலையின் கால்களுக்கு நடுவே ஓடி வேலியைத் தாண்டியது.

ராக்கம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு திகைத்து நின்றாள். "அட, இந்தக் கீரிதான் இத்தனை நாளும் முட்டையத் தின்னுச்சா?"

"மே... மே..." என்று கருப்பி கொட்டகையிலிருந்து விடாமல் அழைத்தது. ராக்கம்மா போய்ப் பார்த்தாள். கூடையில் வெதுவெதுப்பாக ஒரு முட்டை இருந்தது. அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தவள், "கயித்தை உள்ள போடுங்க. செவல எங்கேயும் போக வேண்டாம்" என்றாள்.

அதற்குப் பிறகு போட்ட முட்டையெல்லாம் ஒழுங்காக நெல்லுப் பானைக்குப் போய்ச் சேர்ந்தன. செவலை அடைக்கு விழுந்ததும், ராக்கம்மா கூடையைக் கொட்டகைக்குள்ளேயே வேறொரு மறைவான இடத்துக்கு மாற்றி, அதில் மணல் பரப்பி, இடி இடித்தால் முட்டை கெடாமல் இருக்க ஒரு கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் போட்டு, முட்டைகளை அடுக்கி அடைவைத்தாள்.

நாற்றம் போனதும் கீரி மறுபடி வந்தது. கொட்டகைச் சுவருக்கு வெளியே நின்று, "செவலையம்மா, பாட்டையே காணோமே! ஒரே ஒரு தடவை பாடுங்களேன்" என்று குழைந்தது.

செவலையின் வாயில் இப்போது புளியங்கொட்டை இல்லை. ஆனால் இறக்கைக்கு அடியில் முட்டைகளுக்குள் ஏதோ அசைந்தது. செவலை மூச்சுக்கூடப் பெரிதாக விடவில்லை. கீரி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கூடை இப்போது இருக்கும் இடம் தெரியாமல், வேறு தோட்டத்தைத் தேடிப் போய்விட்டது.

சில நாளில் குஞ்சுகள் ஓட்டை உடைத்துக்கொண்டு வந்தன. செவலை அவற்றைக் கூட்டிக்கொண்டு கொல்லைக்கு இறங்கியது. மேலே பருந்தின் நிழல் தெரிந்ததும் "குக்" என்று மெதுவாக ஒரு சத்தம்தான் கொடுத்தது. எல்லாக் குஞ்சுகளும் ஓடிவந்து கருப்பியின் வயிற்றுக்கு அடியில் ஒளிந்துகொண்டன.

"இன்னைக்காவது வாய்விட்டு ஒரு தடவை கத்தேண்டி" என்றது கருப்பி.

"எதுக்குக்கா? கேக்க வேண்டியவங்களுக்குக் கேட்டுருச்சு" என்றது செவலை.

செய்ததைப் பெருமையாகப் பறைசாற்றுவதைவிட, அதைப் பத்திரமாகக் காத்து வளர்ப்பதே அறிவுடைமை.