கடைசிப் பால்பல்லு

ஒரு ஊருல ஒரு ஏரி, ஏரிக்கரையில வாத்து மேய்க்கிறவங்க குடிசை பத்து, அதுல ஒண்ணுல பேச்சாயின்னு ஒரு பொண்ணு இருந்தாளாம். கெட்டிக்காரின்னா அப்படியொரு கெட்டிக்காரி! முந்நூறு வாத்து தண்ணியில இறங்கினா ஒரே பார்வையில எண்ணிடுவா, சேத்துல கெடக்குற காலடியப் பாத்தே எந்த வாத்து நொண்டுதுன்னு சொல்லிடுவா. அந்தக் காலத்து ஏரிய நீங்க எங்க பாத்தீங்க! தண்ணியே தெரியாது, அல்லி அப்படிப் பூத்துக் கெடக்கும்.

அந்த ஊரு ராசா, கெட்டிக்காரப் பிள்ளைங்களுக்குன்னே கோட்டைக்குள்ள ஒரு பள்ளிக்கூடம் கட்டினாரு. "எந்தக் குடியில பொறந்த பிள்ளையும் வரலாம், ஆனா பால்பல்லு அத்தனையும் விழுறதுக்குள்ள வந்து சேரணும்"னு உத்தரவு போட்டாரு. பேச்சாயிக்கு ஆசைன்னா ஆசை, அம்புட்டு ஆசை. ஆனா அவ வாயில மிச்சம் இருந்தது ஒரே ஒரு பால்பல்லு. அதுவும் ஆடுது!

பிள்ளைங்கள சேக்குற அதிகாரி கனகசபை. மொதத் தடவை போனா. "நேத்தே தமுக்கு அடிச்சாச்சு, அப்பவே வந்திருக்கணும், போ போ"ன்னாரு. தமுக்கு கோட்டைத் தெருவத் தாண்டவே இல்ல, அவளுக்கு எப்படிக் கேக்கும், சொல்லுங்க? திரும்பி வந்து, பல்லு விழுந்துடப் போகுதேன்னு கஞ்சி மட்டும் குடிச்சா. ரெண்டாந்தடவை போனா. "பெரிய மனுசங்க யாராச்சும் உனக்கு சிபாரிசு ஓலை தரணும்"னாரு. அவளுக்குத் தெரிஞ்சதெல்லாம் வாத்துதானே! வந்தா, தேம்பித் தேம்பி அழுதா, மறுபடி கஞ்சி. மூணாந்தடவை விடியும்போதே போய் வாசல்ல உக்காந்துகிட்டா. அன்னைக்குன்னு ராசாவும் வந்துட்டாரா, கனகசபையால விரட்ட முடியல.

"ராணியம்மா பல்லக்குல எத்தனை குஞ்சம்?"னு வந்திருந்த பிள்ளைங்க எல்லாரையும் கனகசபை கேட்டாரு. கோட்டைத் தெருப் பிள்ளைங்க "பதினாறு!"ன்னு கத்துச்சுங்க. பேச்சாயி, "தெரியாதுங்கய்யா"ன்னா.

"பாத்தீங்களா மகாராசா, மண்டு!"ன்னு கனகசபை சிரிச்சாரு.

பேச்சாயிக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "நானும் ஒண்ணு கேக்குறேங்கய்யா. வாத்துக் கூட்டம் சேத்துல நடந்து போயிருக்கு. அதுல நொண்டி வாத்து இருக்கா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

கனகசபை ராசா பக்கம் திரும்பினாரு. "மகாராசா, நான் என்னைக்கு வாத்து மேய்ச்சேன்?"

"அந்தப் புள்ள என்னைக்குய்யா பல்லக்குல ஏறுச்சு?"ன்னாரு ராசா. "நீ எப்படிம்மா கண்டுபிடிப்ப?"

"நொண்டுற கால் சேத்துல ஆழமாப் பதியாதுங்க."

ராசாவுக்கு ஒரே சந்தோசம். தமுக்கு கோட்டைத் தெருவத் தாண்டாத கதையையும் அவ வாயாலயே கேட்டுக்கிட்டாரு. "உள்ள போம்மா. யோவ் கனகசபை, இனிமே தமுக்க நீயே கழுத்துல மாட்டிக்க, ஒரு குடிசை விடாம அடிச்சுட்டு வா"ன்னாரு. அவரு ஏரிக்கரையில தமுக்கடிக்க, முந்நூறு வாத்தும் கத்திக்கிட்டுத் துரத்த, சேத்துல குப்புற விழுந்தாரு பாருங்க! அதைக் கேள்விப்பட்டு பேச்சாயி விழுந்து விழுந்து சிரிச்சா. அப்பத்தான் அந்தப் பல்லு விழுந்துச்சு, பள்ளிக்கூடத்துக்கு உள்ளயே.

பின்னாடி அவளே அங்க பெரிய வாத்தியாரம்மாவா ஆனா. எந்தப் பிள்ளை வந்தாலும், "உனக்குத் தெரிஞ்சதச் சொல்லு கண்ணு"ன்னுதான் கேப்பாளாம். கேட்டுட்டு, அந்தப் பல்லு இருந்த இடத்த நாக்கால ஒரு தடவை தொட்டுப் பாத்துக்குவாளாம்.

வாத்து பட்டிக்குப் போச்சு, கதையும் கரையேறிப் போச்சு.