சுவர் பக்கத்து டயர்

ஒச்சப்பன் அன்றைக்கும் வேனை மதில்சுவரோடு ஒட்டித்தான் நிறுத்தினார். டிரைவர் கதவு அந்தப் பக்கம்தான். திறக்க இடம் கிடையாது. அதனால் ஐம்பத்தொன்பது வயசு மனுஷன் கியர் கம்பியைத் தாண்டி, பக்கத்து சீட்டில் உருண்டு, இடது கதவு வழியாக இறங்கினார். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஏன் இப்படி என்று யாராவது கேட்டால் கதவு ரிப்பேர் என்பார். கதவுக்கு ஒரு குறையும் இல்லை.

மலைமேல் ஒரு சின்ன ஆசிரமம். அங்கே சீடனாக இருக்கலாம் என்று லாரியை விட்டுவிட்டு வந்தவர் அவர். வந்த இரண்டாம் நாளே வேன் சாவி கைக்கு வந்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள், கிட்னி கெட்டுப்போன ஏழு பேரை ஏற்றிக்கொண்டு பதினேழு கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். டவுன் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் முடிந்ததும் திரும்ப ஏற்றிவர வேண்டும். பன்னிரண்டு வருஷமாக இதேதான். அண்ணன் செத்த அன்றைக்கு மட்டும் லீவு போட்டார். அதுவும் அரை நாள்.

ஆசிரமத்தை நடத்துகிற அருள்நங்கைக்கு நாற்பத்தொரு வயசு. மற்றவர்களுக்கு அம்மா. ஒச்சப்பனுக்குத் தாயி. தன்னைவிடப் பதினெட்டு வயசு சின்னவள் என்பதெல்லாம் அவருக்கு ஒரு கணக்கே இல்லை. குரு என்றால் குரு.

அவள் தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒச்சப்பன் போய் நின்றார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கிறது கஷ்டம்.

“தாயி, ஒரு கேள்வி.”

“கேளுங்கண்ணே.”

“டயரை எப்ப மாத்தணும்?”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “முப்பத்தஞ்சு வருஷம் வண்டி ஓட்டினவரு என்கிட்ட கேக்குறீங்க. நான் சைக்கிள்லயே ரெண்டு தரம் விழுந்தவ.”

“டயர் மேல இருக்கிற வரி, பட்டன், தேஞ்சா மாத்தணும். அது தெரியும். எவ்வளவு தேஞ்சா அப்படிங்கிறதுதான்...”

“இப்ப எவ்வளவு தேஞ்சிருக்கு?”

“ஓடும் தாயி.”

“எதுவரைக்கும்?”

“நாளைக்கு ஓடும்.” கொஞ்சம் யோசித்தார். “மழை பெய்யாம இருந்தா.”

மேகம் காலையிலிருந்தே மலைமேல் உட்கார்ந்திருந்தது. அம்மா அண்ணாந்து பார்த்தாள். கீரையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

வேனின் இடது பக்கம் முன்டயரைத் தடவினாள். பின்டயரைத் தடவினாள். ஓட்டையில்லாத, வரி தெரிகிற டயர். முன்னதில் மட்டும் ஓரம் தேய ஆரம்பித்திருந்தது.

“நல்லாத்தானே இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு தாயி. சும்மா கேட்டேன். நீங்க போய்க் கீரையைப் பாருங்க.”

அவசரமாகச் சொன்னார். அந்த அவசரம்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது. அம்மா ஒருக்களித்து வேனுக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்தாள்.

“அங்க போகாதீங்க தாயி, சேலை பாழாப் போயிரும்!”

சேலை பாழாகத்தான் போனது. வெளியே வந்தபோது முதுகெல்லாம் பாசி. உள்ளங்கையில் ஒரு கோடு கிழித்து ரத்தம் கசிந்தது.

“டயருக்குள்ள இருக்கிற கம்பியே வெளிய வந்து குத்திருச்சு,” என்றாள்.

ஒச்சப்பன் தரையைப் பார்த்தார்.

“முன்னதைப் பின்னால போடணும், பின்னதை முன்னால போடணும், அப்பதான் நாலும் ஒண்ணுபோலத் தேயும்னு வர்றவன் போறவனுக்கெல்லாம் பாடம் எடுப்பீங்களே. நீங்க மாத்தலையா?”

“மாத்துறேனே. மாசம் தவறாம ஜாக்கி போட்டு மாத்துறேன்.” குரல் கொஞ்சம் உயர்ந்தது. “நல்லதா இருக்கிறதை இந்தப் பக்கம் கொண்டாந்துருவேன். மொட்டையை அந்தப் பக்கம் தள்ளிருவேன்.”

“ஏன்?”

“நம்ம ஆளுக இந்தப் பக்கமாத்தானே ஏறுறாங்க? ஏற்கனவே அரை உசுரு. மொட்டை டயரைப் பாத்தா மிச்ச அரையும் போயிரும். அந்தப் பக்கம் என் பக்கம். அதை யாரு பாக்கப்போறா? போனா என் உசுரு போகட்டும் தாயி. பரவால்ல.”

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக வைத்திருந்தார். அம்மா கொஞ்சம் பாராட்டுவாள் என்று நினைத்தார். பொய் எதுக்கு, நிறையவே நினைத்தார்.

அம்மா தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவினாள்.

“வண்டி உங்க பக்கம் மட்டும் தனியாக் கவிழுமாண்ணே?”

ஒச்சப்பன் கை துடைக்கத் தோள் துண்டை நீட்டினார்.

“புது டயர் கேட்டிருந்தா வாங்கித் தந்திருப்பேன்.”

“தெரியும். கையில இல்லாட்டியும் வாங்கித் தருவீங்க. அதனாலதான் கேக்கல.”

“வேற என்னென்னத்தை எங்க கண்ணுல படாம அந்தப் பக்கம் தள்ளி வச்சிருக்கீங்க?”

ஒச்சப்பன் வேனைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“ரெண்டு தரம் ஓட்டுறப்பவே கண்ணு சொக்கிருச்சு தாயி. ஒன்பதாவது வளைவுல. ஒரு தரம் போன மாசம். இன்னொண்ணு முந்தாநாள். முன்சக்கரம் கல்லுல இடிச்சதும் முழிச்சுக்கிட்டேன். பள்ளம்னு நினைச்சுட்டாங்க எல்லாரும். நான் உடனே சத்தமாப் பாட ஆரம்பிச்சுட்டேன். கை தட்டினாங்க.”

அம்மா கையை நீட்டினாள். ஒச்சப்பன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அதில் வைத்தார். வைத்த பிறகும் விரலை எடுக்கவில்லை. பிறகு எடுத்தார்.

“நாளைக்கு ஏழு பேரும் கீழ போயாகணும் தாயி. ஒரு நாள் தள்ளினாலும் மூச்சு முட்டிரும்.”

“சேவியரைக் கூப்பிடுங்க.”

சேவியர் மார்க்கெட்டில் சவாரி ஜீப் ஓட்டுகிறவன். அவனுக்கு வளைவில் கியர் போடத் தெரியாது என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்ததே ஒச்சப்பன்தான்.

“நீங்க பேசுங்க தாயி.”

“நான் எதுக்கு? நீங்க பேசுங்க.”

போட்டார். போனின் அந்தப் பக்கம் சேவியர் எடுத்ததுமே சத்தம்.

“என்னண்ணே, உலகம் அழியப் போகுதா? எனக்குப் போன் பண்றீங்க?”

“காலையில ஆறு மணிக்கு நம்ம ஆளுகளைக் கொண்டுபோய் விட்டு, கூட்டிட்டு வரணும்டா. உன் ஜீப்புல.”

“நீங்க என்ன பண்றீங்க?”

“வண்டிக்கு டயர் சரியில்ல.”

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒச்சப்பன் போனைக் காது மாற்றிப் பிடித்தார்.

“எனக்கும் முடியலடா.”

அந்தப் பக்கம் ஜீப் இன்ஜின் அணைகிற சத்தம் கேட்டது.

“அந்த ஸ்டியரிங்கை உங்க கையில இருந்து ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும்னு நினைச்சேன்,” என்றான் சேவியர். “சரிண்ணே. அஞ்சே முக்காலுக்கு வாசல்ல நிக்கிறேன். வளைவுல கியரும் போடுவேன்.”

வைத்துவிட்டான்.

“நாலு டயரும் ரெண்டு நாள்ல வந்துரும்,” என்றாள் அம்மா.

“அப்புறம் நான் ஓட்டலாம்ல?”

“வேணாம்ணே.”

ஒச்சப்பன் அப்படியே தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். பன்னிரண்டு வருஷத்தில் அம்மா முன்னால் அவர் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். தூறல் விழ ஆரம்பித்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

“மத்தவங்க எல்லாம் தியானம் பண்றாங்க, படிக்கிறாங்க. எனக்கு அதெல்லாம் வராது. எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்.” சாவி இருந்த இடுப்பைத் தடவிக்கொண்டார். “வண்டி ஓட்டலன்னா நான் யாரு தாயி?”

அம்மா கீரைக்கட்டைப் பிரித்துப் பாதியை அவர் மடியில் போட்டாள்.

“டீசல் கேட்டீங்க. ஆயில் கேட்டீங்க. இன்னைக்கு டயர் கேட்டீங்க. இந்த ஒரு கேள்வியைக் கேக்கத்தானேண்ணே லாரியை விட்டுட்டு மலையேறி வந்தீங்க?”