ஜெபமணி சிஸ்டரின் கெட்டுப்போகாத குப்பை

குரு என்றதும் தாடியைத் தேடாதீர்கள். இந்தக் கதையில் வருகிற குருவுக்கு முப்பத்தொரு வயது. பெயர் இசக்கியம்மாள். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி கொண்டுவருகிறவள். மத்தியானத்துக்கு மேல் உரக்கிடங்கில் வேலை.

சிஷ்யை அவளைவிட முப்பது வயது மூத்தவர். ஜெபமணி சிஸ்டர். ஆபரேஷன் தியேட்டரில் முப்பத்து நாலு வருஷம் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் துடைத்த மேசையில் ஈ உட்காரவே யோசிக்கும்.

ஒருநாள் காலை சிஸ்டர் குப்பை வண்டியை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஏட்டி இசக்கி, என் மானத்தைக் காப்பாத்து."

"என்ன சிஸ்டர், காலங்காத்தால?"

விஷயம் இதுதான். சபையில் அறுப்பின் பண்டிகை வருகிறது. ஆளாளுக்கு வாழைத்தார், தேங்காய், சேவல் என்று காணிக்கை கொண்டுவருவார்கள். மாடியில் உரத்தொட்டி வைத்த ஜோரில் நம் சிஸ்டர், "இந்த வருஷம் என் கையால செஞ்ச உரம் ஒரு மூட்டை" என்று சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டார். அதை நோட்டீஸிலும் அடித்துவிட்டார்கள். பண்டிகைக்கு இன்னும் ஏழே வாரம். தொட்டியிலோ நாலு மாதத்துக்கு முன்பு போட்ட வெண்டைக்காய்க் காம்பு போட்டபடியே கிடக்கிறது.

இசக்கி மாடிக்குப் போனாள். மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டாள்.

"ஒரு வாடையும் இல்லையே சிஸ்டர்."

"இருக்குமா பின்னே?" சிஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை. "நாத்தமும் கிடையாது, புழுவும் கிடையாது. நான் பாத்துக்கிட்ட மாதிரி யாராலயும் பாத்துக்க முடியாது."

"எப்படிப் பாத்துக்கிட்டீங்க?"

"தோலையெல்லாம் ரெண்டு தண்ணியில அலசுவேன். வெயில்ல காயப் போடுவேன். அடுக்குக்கு அடுக்கு வேப்பிலை. அதுக்கு மேல ஒரு கை மஞ்சத்தூள். வெள்ளிக்கிழமை தவறாம உள்ளே பினாயில் போட்டுத் துடைச்சிருவேன். ஒரு கிருமி அண்டாது, பாத்துக்கோ!"

இசக்கி சிரிக்கவில்லை. அதற்கெல்லாம் குருவாகப் பிறக்க வேண்டும். நானாக இருந்தால் மாடிப்படியில் உருண்டிருப்பேன்.

"வீட்ல தோசைமாவு கரைக்கது யாரு சிஸ்டர்?"

"நான்தான். ஏன்?"

"கரண்டியாலயா?"

"கரண்டியால கலக்கினா மாவு எங்கேட்டி பொங்கும்? கையாலதான் கலக்கணும். அப்பதானே புளிக்கும்."

"கையைப் பினாயில்ல கழுவிட்டா கலக்குதீங்க?"

சிஸ்டர் தொட்டியைப் பார்த்தார். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏசப்பா! நல்ல கிருமியையும் சேத்துக் கொன்னுட்டேனா?"

"உரம் செய்ய வந்தவங்களை எல்லாம், வாசல்லயே."

அதன் பிறகு வைத்தியம். தொட்டியைச் சாக்கில் கவிழ்த்தார்கள். வேப்பிலையைப் பொறுக்கி எறிந்தார்கள். தொட்டியை வெறும் தண்ணீரில் நாலு தடவை கழுவி, காற்றுப் போக ஓட்டை போட்டார்கள். காம்பையும் தோலையும் பொடிசாக நறுக்கினார்கள். இசக்கி உரக்கிடங்கிலிருந்து ஒரு சட்டி பழைய உரம் கொண்டுவந்தாள்.

"இது எதுக்கு?"

"பாலுக்கு உறை ஊத்த மாட்டீங்களா? அது மாதிரி."

சிஸ்டர் உள்ளே போய்க் கிளவுஸ் மாட்டிக்கொண்டு வந்தார். இசக்கி அந்தக் கையையே பார்த்தாள். சிஸ்டர் கழற்றி வைத்துவிட்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு கையையும் உள்ளே விட்டுக் கலக்கினார்.

"தண்ணி தெளிங்க. ஒரு பிடி எடுத்துப் பிழிஞ்சா ரெண்டு சொட்டு விழணும், அவ்வளவுதான். வாரத்துக்கு ரெண்டு தடவை கிளறுங்க. நாத்தம் வந்தா காஞ்ச இலை போடுங்க. வேற ஒண்ணும் செஞ்சிராதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

எட்டாம் நாள் காலை, குப்பை வண்டி தெருமுனையில் திரும்பும்போதே சிஸ்டர் எதிரே ஓடி வந்தார். கையில் தெர்மாமீட்டர்.

"இசக்கி! நூத்தியாறு! தொட்டிக்கு நூத்தியாறு டிகிரி அடிக்குது!"

"அடிக்கட்டும்."

"அடிக்கட்டுமா? என்ன மருந்து குடுக்க?"

"இன்னைக்குத்தான் சிஸ்டர் அதுக்கு உயிரே வந்திருக்கு!" இந்தத் தடவை குருவால் அடக்க முடியவில்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிஸ்டரும் சிரித்தார். வாசல் தெளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தார்கள்.

பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம் இருவரும் மாடியில் உட்கார்ந்து உரம் சலித்தார்கள். கறுகறுவென்று விழுந்தது. வெண்டைக்காய்க் காம்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. சிஸ்டர் இரண்டு கை நிறைய அள்ளி முகத்தருகே கொண்டுபோனார்.

"எம்மா, புதுமழை வாசம்லா வருது!" என்றவருக்குக் கண் நிறைந்துவிட்டது. மூக்கில் அப்பியதைத் துடைக்கவும் தோன்றவில்லை.

ஒரு மூட்டை சரியாக வந்தது. காணிக்கை மூட்டையில் பெயர் எழுத வேண்டும் என்பது சபை வழக்கம். சிஸ்டர் பெயிண்டில் பிரஷ்ஷைத் தோய்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"எழுதுங்க சிஸ்டர்."

"என் பேரை எழுதக் கை வரமாட்டேங்குதே. நாலு மாசம் இதைக் கெடவிடாம தடுத்தவளே நான்தானே. உன் பேரை எழுதட்டுமா?"

"நான் யோசனைதான் சொன்னேன். யோசனை உரமாயிருமா?"

"அப்போ யாரு பேரைத்தான் எழுத? செஞ்சவங்க பேரைத்தானே எழுதணும்?"

இசக்கி மூட்டை வாயிலிருந்து ஒரு சிட்டிகை உரம் எடுத்துச் சிஸ்டரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"செஞ்சவங்க பேரையெல்லாம் எழுதணும்னா மூட்டையில இடம் பத்தாது சிஸ்டர்."